முதியவருக்குத் துணை யார் யார்: கணக்கெடுப்பதும் இடைவெளியை நிரப்புவதும்

"பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் பழக்கமானவர்களுக்குக் குறைவில்லை, ஆள் துணைக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லும் குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இரவு இரண்டு மணிக்குக் கழிவறையில் வழுக்கி விழுந்தால் அவர் யாரை அழைப்பார்? பெரும்பாலும் ஒரு பெயர் உடனே வந்துவிடும். விழுந்த இடத்திலிருந்து கைபேசி கைக்கு எட்டுமா, கண்ணாடி இல்லாமல் அந்த எண்ணைத் தேடி எடுக்க முடியுமா, அழைக்கப்படுபவர் இரவில் ஒலியை அடக்கிவிட்டுத் தூங்குபவரா என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது, இருப்பதாக நம்பிய துணை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும். சுற்றிலும் ஆட்கள் இருப்பது வேறு, வேண்டிய வேளையில் வேண்டிய உதவி வந்து சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அதைக் குறைக்கும் வழிகளையே இங்கு எழுதுகிறேன்.

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும், முதியோர் குழுக்களை நடத்தும் தன்னார்வலர்களுக்கும், தம்முடைய முதுமைக்குத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். தேவைப்படுபவை ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான், அவசரமில்லாத ஒரு மணி நேரம். பேனா வேண்டாம், எழுதியதை அழிக்க வேண்டிய அவசியம் நிச்சயம் வரும்.

இது உடல்நலத்தோடு சேர்ந்த விஷயம்

உறவும் நட்பும் மனத்துக்கு ஆறுதல் தருபவை, உடல்நலம் என்பது மருந்தும் மருத்துவரும் சம்பந்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அலமீடா என்னும் வட்டாரத்து மக்களை 1965 முதல் 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த லிசா பெர்க்மனும் லியோனார்டு சைமும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவினையை அசைத்தது. சமூகத் தொடர்புகள் மிகக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு அபாயம், தொடர்புகள் மிகுந்தவர்களோடு ஒப்பிடுகையில் ஆண்களிடையே 2.3 மடங்காகவும் பெண்களிடையே 2.8 மடங்காகவும் இருந்தது. புகைப்பழக்கம், மது, உடற்பருமன், வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. பின்னர் 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளைச் சேர்த்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பரிசீலித்தபோது, உறுதியான சமூக உறவுகள் உடையவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இது நடக்கும் வழிகளில் சில மிகச் சாதாரணமானவை. நடை தள்ளாடுவதையும், கால் வீங்கியிருப்பதையும், மாத்திரை அட்டையில் இரண்டு நாள் மாத்திரைகள் அப்படியே கிடப்பதையும் கவனிக்க ஓர் ஆள் இருந்தால், நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபடுகிறது. மற்றொரு வழி உடலுக்குள்ளேயே செல்கிறது: நெடுநாள் தனிமை ரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடும், தூக்கத்தைத் துண்டாடுவதோடும், உடலில் அழற்சியைக் கூட்டுவதோடும் தொடர்புடையது. அதேவேளை, காரணம் எதிர்த்திசையிலும் ஓடும் என்பதை மறக்கக் கூடாது. நோய் வந்தவர் வெளியே போவதைக் குறைக்கிறார், போவது குறைந்ததால் தொடர்புகள் நைந்துபோகின்றன, தொடர்புகள் நைந்ததால் நோய் கவனிக்கப்படாமல் போகிறது. எங்கேயாவது ஓரிடத்தில் இந்தச் சுழலை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது எளிது என்று கண்டுபிடிக்கத்தான் தாளும் பென்சிலும்.

மூன்று வட்டங்கள்

தாளின் நடுவில் முதியவரின் பெயரை எழுதி, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் வரையுங்கள். ராபர்ட் கானும் டோனி அன்டோனுச்சியும் 1980-இல் முன்வைத்த கருத்தின் அடிப்படையில் அமைந்த முறை இது. வாழ்க்கைப் பயணத்தில் ஒரு மனிதரைச் சூழ்ந்து ஒரு துணைக்கூட்டம் கூடவே நகர்கிறது, அதில் சிலர் இடையில் வந்து சேர்கிறார்கள், சிலர் விலகுகிறார்கள், சிலர் இறக்கிறார்கள் என்பது அவர்களுடைய பார்வை. இவர் இல்லாமல் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே முடியாது என்பவர்களை உள்வட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். அவ்வளவு நெருக்கம் இல்லாவிட்டாலும் முக்கியமானவர்கள் நடுவட்டத்திலும், ஏதோ ஒரு வேலை அல்லது இடத்தின் காரணமாகப் பழக்கமானவர்கள் வெளிவட்டத்திலும் வரட்டும்.

இதை முதியவரே செய்ய வேண்டும். மகனோ மருமகளோ பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது செய்யக் கூடாது என்பதை அனுபவத்தில் கற்றேன். ஒருமுறை எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், மகன் எதிரே இருக்கையில், உள்வட்டத்தில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக எழுதி முடித்தார். மகன் தொலைபேசி அழைப்பை எடுக்க வெளியே போனதும் பென்சிலைச் சிறிது நேரம் உருட்டிக்கொண்டிருந்தவர், காலையில் நடக்கும்போது சந்திக்கும் ஒரு நண்பரின் பெயரை உள்வட்டத்தின் கோட்டின்மேலேயே, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், மிகச் சிறிய எழுத்தில் எழுதினார். ஆறு மாதங்களாக முழங்கால் வலியால் அவர் காலை நடைக்குப் போகவில்லை, அந்த நண்பரின் தொலைபேசி எண்ணும் அவரிடம் இல்லை. வீட்டார் அனைவரும் மருந்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரு குறையும் வைக்காத அந்த வீட்டில், அவர் இழந்திருந்தது இன்னதென்று அந்தக் கோட்டின்மேல் எழுதிய பெயர்தான் காட்டிக்கொடுத்தது.

எனவே தனியாக அமர்ந்து, அவசரப்படுத்தாமல், பெயர்களை எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள். இறந்தவர்களின் பெயரைச் சிலர் எழுதுவார்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெயருக்குரியவர் என்னவெல்லாம் செய்து வந்தார் என்று கேட்டால், இன்று வெற்றிடமாகக் கிடக்கும் பொறுப்புகளின் பட்டியல் தானாகவே கிடைத்துவிடும். வட்டங்களில் ஆட்கள் குறைவாக இருப்பதைப் பார்த்த உடனே பதறவும் வேண்டியதில்லை. வயது ஏற ஏற மனிதர்கள் தம் தொடர்புகளைத் தாமே குறைத்து, மனத்துக்கு நிறைவு தரும் சிலரோடு மட்டும் நெருங்கியிருக்க விரும்புகிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் விளக்கியிருக்கிறார். ஐந்து பேரோடு நிறைவாக இருப்பவருக்கு ஆறாவது ஆளைத் தேடிக் கொடுப்பது உதவி ஆகாது.

பெயர்களுக்கு எதிரே வேலைகள்

பெயர்கள் வந்த பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று எழுத வேண்டும். ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் சமூக ஆதரவை நான்காகப் பகுத்தார்: மனத்துக்குத் தெம்பு தருவது, கைவேலையாகவோ பணமாகவோ உதவுவது, தகவல் சொல்லி வழிகாட்டுவது, ஒருவர் தம்மைத் தாமே சரியாக எடைபோட்டுக்கொள்ளத் துணைசெய்வது. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "நீங்கள் எடுத்த முடிவு சரிதான்", "இந்த மறதி எல்லோருக்கும் வருவதுதான்", "இல்லை, இது வழக்கமான வலியாகத் தோன்றவில்லை, காட்டிவிடுங்கள்" என்று சொல்லும் சமவயதினர் ஒருவர் இருப்பது பெரிய பலம். அன்பான பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் அந்த இடத்தை அவர்களால் நிரப்ப முடிவதில்லை.

கேள்விகள் எவ்வளவு குறிப்பாக இருக்கின்றனவோ அவ்வளவு உண்மை வெளிவரும். "உங்களுக்கு உதவ ஆள் இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்பதே பதிலாக வரும், இல்லை என்று சொல்வது பிள்ளைகளைக் குறை சொன்னதாகிவிடும் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. சென்றமுறை மருத்துவமனைக்கு யார் கூட வந்தார், மருத்துவர் சொன்னதை யார் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டார், மின்விளக்கு எரியாமல் போனபோது யார் மாற்றினார், மனசு சரியில்லாத கடைசி நாளில் யாரிடம் அதைச் சொன்னார், பெரிய எழுத்தில் இல்லாத ஒரு கடிதம் வந்தால் யார் படித்துச் சொல்கிறார் என்று, நடந்து முடிந்த ஒரு நாளையும் ஒரு வேளையையும் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு எதிரே வெற்றுக் கோடு மட்டும் போடுங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால் அதற்கும் ஒரு குறியிடுங்கள், ஏனென்றால் அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் முழு ஏற்பாடும் அன்றே படுத்துவிடும்.

எண்ணில் ஓர் அளவு வேண்டும் என்பவர்களுக்கு, ஜேம்ஸ் லுபென் உருவாக்கிய அளவுகோலின் ஆறு கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உதவும். மாதம் ஒருமுறையாவது பார்க்கும் அல்லது பேசும் உறவினர் எத்தனை பேர், அந்தரங்க விஷயங்களைத் தயங்காமல் பேசக்கூடியவர் எத்தனை பேர், உதவி கேட்டு அழைக்கக்கூடிய அளவுக்கு நெருக்கமானவர் எத்தனை பேர் என்பவை முதல் மூன்று. நண்பர்களைக் குறித்து அதே மூன்று கேள்விகள் மீண்டும். ஒருவரும் இல்லை என்றால் 0, ஒருவர் என்றால் 1, இருவர் என்றால் 2, மூன்று அல்லது நான்கு பேர் என்றால் 3, ஐந்து முதல் எட்டுப் பேர் வரை 4, ஒன்பது அல்லது அதற்கு மேல் 5 என்று மதிப்பிட்டால், கூட்டுத்தொகை 0-க்கும் 30-க்கும் இடையில் அமையும். 12-க்குக் கீழே இருந்தால் அவர் தனித்துப்போகும் அபாயத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. கூட்டுத்தொகையைவிட இரண்டு பகுதிகளையும் தனித்தனியே பார்ப்பதையே நான் விரும்புகிறேன்: உறவினர் பகுதி நிறைந்தும் நண்பர் பகுதி காலியாகவும் இருப்பவருக்குத் தேவைப்படுவது ஒன்று, அதற்கு நேர்மாறானவருக்குத் தேவைப்படுவது முற்றிலும் வேறொன்று.

ஆட்களின் எண்ணிக்கையை அளந்துவிட்டால் தனிமை உணர்வை அளந்ததாகாது. பழகத் துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, தாம் ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு, அரிதாக, சில வேளை, அடிக்கடி என்று பதில் பெறும் முறை உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. ராபர்ட் வைஸ் 1973-இலேயே தனிமையில் இரு வகை உண்டு என்றார்: மனத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை, கூடிப் பழக ஒரு கூட்டம் இல்லாத தனிமை. துணைவியை இழந்தவரைப் பஜனைக் குழுவிலோ வாசகர் வட்டத்திலோ சேர்த்துவிட்டு, அவர் முகம் இன்னும் வாடியிருக்கிறதே என்று வியப்பவர்கள் முதல் வகையை இரண்டாவது வகைக்குரிய மருந்தால் ஆற்ற முயல்கிறார்கள்.

சமூகத்துக்குச் சமூகம் மாறுவது

ஓரிடத்தில் பலன் தந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தால் பெரும்பாலும் அது ஒட்டுவதில்லை. பென்சில்வேனியாவில் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த ரோசெட்டோ என்னும் சிற்றூரில், ஒட்டியிருந்த பேங்கர் ஊரோடு ஒப்பிடுகையில் மாரடைப்பு இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்ததை மருத்துவர் ஸ்டூவர்ட் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் 1960-களில் எழுதினார்கள். பல தலைமுறைகள் ஒரு கூரையின்கீழ் வாழ்வதும், பெரியவர்களின் சொல்லுக்கு மதிப்பு இருப்பதும் அங்கு வழக்கமாக இருந்தன. அந்தக் கட்டுக்கோப்பு தளர்ந்த பிறகு இறப்பு விகிதமும் பக்கத்து ஊரின் அளவுக்கு உயர்ந்தது. கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை ஆராய்ந்து மைக்கேல் மார்மட்டும் சைமும் 1976-இல் எழுதியதும் இதை ஒட்டியதே: தம் மரபான கூட்டுறவு வாழ்க்கையை விடாதவர்களிடம் இதயநோய் குறைவாகவும், அதை விட்டு விலகியவர்களிடம் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை கூடுதலாகவும் இருந்தது.

இதைப் படித்ததும் கூட்டுக்குடும்பமே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற முடிவுக்குத் தாவிவிடத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். ஐரோப்பாவில், பிள்ளைகளோடு சேர்ந்து வாழும் வழக்கம் மிகுந்த தெற்கு, கிழக்கு நாடுகளின் முதியவர்கள், தனியாக வாழ்வது சகஜமான வட நாடுகளின் முதியவர்களைவிடக் கூடுதலாகத் தனிமையை உணர்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வறுமையும் நோயும் இதற்குக் காரணங்களாக இருப்பது உண்மைதான். அவற்றோடு எதிர்பார்ப்பும் ஒரு காரணம்: பிள்ளை தினமும் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகத்தில் வாரம் ஒருமுறை பேசும் பிள்ளை குறையாகத் தெரிகிறது, எதிர்பார்க்காத சமூகத்தில் அதே அழைப்பு ஒரு மகிழ்ச்சி. ஆகவே, நீங்கள் சந்திக்கும் முதியவர் எதைத் தமக்கு உரிமையானது என்று கருதுகிறார், எதைக் கேட்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வாழும் இடமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள், அவர்களில் முதியவர்களே மிகுதி. அருகருகே அமைந்த வட லான்டேல், தென் லான்டேல் என்னும் இரு பகுதிகளிலும் ஏழை முதியவர்களும் தனித்து வாழும் முதியவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தும், இறப்பு விகிதம் முதல் பகுதியில் ஒரு லட்சத்துக்கு 40 ஆகவும் இரண்டாவதில் 4 ஆகவும் இருந்ததைச் சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் எடுத்துக்காட்டினார். ஆளரவம் மிகுந்த தெருக்களும் கடைகளும் இருந்த இடத்தில் முதியவர்கள் வீட்டுக்குள் இருந்த வெக்கைக்குத் தப்பி வெளியே வந்தார்கள். கைவிடப்பட்ட கட்டடங்களும் குற்றங்களைப் பற்றிய பயமும் நிறைந்த இடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். உங்கள் முதியவரின் வீட்டு வாசலிலிருந்து முந்நூறு அடி தூரத்தை அவருடைய வேகத்திலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். உட்கார ஓர் இடம், நிழல், தடுக்காத தரை, முகம் தெரிந்த ஒருவர் ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்று தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில நிலைமைகளைத் தனியே கவனிக்க வேண்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகளோடு வாழப் போன பெரியவர்கள் வீடு நிறைய ஆட்களுக்கு நடுவே பேச மொழி இல்லாமல் இருப்பார்கள். பேரக்குழந்தை ஒரு மொழியிலும் தாத்தா வேறொரு மொழியிலும் பேசும் வீட்டில் அவருடைய வட்டத்தில் பெயர்கள் இருக்கும், உரையாடல் இருக்காது. மனைவி வழியாகவே உறவுகளைப் பேணிய ஆண்கள், மனைவி மறைந்ததும் மனைவியை மட்டுமல்லாமல் அவர் கட்டிக்காத்த தொடர்புகள் அத்தனையையும் சேர்த்தே இழக்கிறார்கள். பிள்ளையில்லாதவர்களையும் மணமாகாதவர்களையும் பார்த்து உடனே பரிதாபப்படுவோர் உண்டு, ஆனால் அவர்களில் பலர் நண்பர்களையும் அயலாரையும் பல ஆண்டுகளாகப் பேணி வளர்த்திருப்பார்கள். அவர்களிடம் பார்க்க வேண்டியது, அந்த நண்பர்களும் அதே வயதினராகவே இருக்கிறார்களா என்பதைத்தான்.

இடைவெளிகளை நிரப்புதல்

புதிய ஆட்களைத் தேடுவதற்கு முன், பழைய ஆட்களிடம் போகவிடாமல் தடுப்பது எது என்று பாருங்கள். பெரும்பாலான வேளைகளில் அது காது. கேட்கும் திறன் குறைந்தவர் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் சம்பந்தமில்லாத பதில் சொல்லி, சிரிப்புக்கு ஆளாகி, அடுத்த முறை "உடம்பு அசதியாக இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று விலகிக்கொள்வார். செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையத்தால் சேர்க்கப்பட்டவை. கண்புரை, சிறுநீரை அடக்க முடியாமை, சரியாகப் பொருந்தாத பல்செட், தலைசுற்றல் தரும் மாத்திரை ஆகியவையும் இப்படியே ஆளை வீட்டுக்குள் முடக்குபவை. சிறுநீர்ப் பிரச்சினையை வெட்கத்தால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், அதனால் "போகிற இடத்தில் கழிவறை வசதி எப்படி இருக்கிறது?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பது நல்லது.

அடுத்தது தொலைபேசி. அமெரிக்காவின் டெக்சாஸில் 240 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், தொழில்முறைப் பயிற்சி இல்லாத இளைஞர்கள், பரிவோடு உரையாடச் சிறிது காலம் பயிற்சி பெற்று, நான்கு வாரங்கள் தொலைபேசியில் பேசினார்கள். முதல் வாரம் நாள்தோறும், பிறகு முதியவர் விரும்பிய அளவுக்கு, வாரம் இரண்டு முறைக்குக் குறையாமல் அழைப்பு போனது. தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது, பேச்சின் தலைப்பை முதியவரே தீர்மானித்தார் என்பது. நம்முடைய அழைப்புகள் பல "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, தூங்கினீர்களா" என்று மூன்று கேள்விகளில் முடிந்துவிடுகின்றன. அது நலம் விசாரிப்பு என்ற பெயரில் நடக்கும் பரிசோதனை. அதற்குப் பதில் சென்ற முறை அவர் பாதியில் விட்ட கதையிலிருந்து தொடங்குங்கள், அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள், ஒரே நாளில் ஒரே நேரத்தில் அழையுங்கள். எதிர்பார்த்திருக்கும் அரைமணி நேரத்துக்கும் பலன் உண்டு. முடிக்கும்போது அடுத்த அழைப்பு எப்போது என்று சொல்லிவிட்டு முடிக்க வேண்டும். சொன்ன நாளில் அழைக்க முடியாதென்று முன்பே தெரிந்தால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

குழுவாகக் கூடுவது அதற்கடுத்த படி. ஜப்பானின் டகெடோயோ நகரில் 2007 முதல் முதியோர் கூடும் சிறு மையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை நடத்துவதில் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது, அவர்களிலும் பலர் முதியவர்களே. அங்கு சென்று வந்தவர்களிடையே, பிறர் பராமரிப்பைச் சார்ந்திருக்கும் நிலை வருவது குறைவாக இருந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், கையால் செய்ய ஏதாவது ஒரு வேலை, மாதத்தில் நிலையான ஒரு நாள் என்னும் மூன்றும் இருந்தால் குழு நிலைக்கும். வெறுமனே நாற்காலிகளைப் போட்டு உட்கார வைத்து உரை நிகழ்த்தும் கூட்டங்களை, மன்னிக்கவும், நான் ஆதரவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதியவர் பெறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதியை மறந்துவிட்டோம் என்று பொருள். முதிய தம்பதியர் 423 இணையரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து ஸ்டெபனி பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவியவர்களின் இறப்பு அபாயம் குறைந்திருந்தது. உதவி பெற்றதால் மட்டும் அப்படிக் குறையவில்லை. எனவே தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் அதே வட்டங்களை வரைந்து, இந்தமுறை அவர் யாருக்கு என்ன செய்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் அதுவே உங்களுடைய அடுத்த வேலை. பழைய கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கக் கொடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கக் கேளுங்கள், கைத்தொழில் தெரிந்தவரிடம் அதைக் கற்க யாரையாவது அனுப்புங்கள். ஒப்புக்குக் கொடுத்த வேலை என்று தெரிந்தால் மனம் நொந்துபோவார்கள். ஆகவே உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒன்றையே கேட்க வேண்டும்.

உதவி செய்யும் விதத்திலும் நுட்பம் இருக்கிறது. கடினமான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் கவனித்த நயல் போல்ஜர் குழுவினர் 2000-இல் கண்டது இது: உதவி செய்ததாகத் துணைவர் சொல்லி, பெற்றவர் அதைக் கவனிக்காத நாட்களிலேயே மனத்துக்கு மிகுந்த பலன் கிடைத்தது. முதுமைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். "இருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று தோளைப் பற்றுவதற்குப் பதில், பேசிக்கொண்டே அவர் பக்கமாக நடந்து முழங்கையை நீட்டினால் அவரே பற்றிக்கொள்வார். மாடிப்படியில் கைப்பிடி பொருத்துவதை வீட்டுக்கான வேலையாகச் செய்துவிட்டால் யாருக்கும் குறைவில்லை.

ஆதரவு பாரமாகும்போது

எல்லா நெருக்கமும் நன்மை தருவதில்லை. உள்வட்டத்தில் உள்ள ஒருவரே பணத்தைக் கேட்காமல் எடுப்பவராகவோ, அதட்டுபவராகவோ, வெளியாட்களோடு பேசவிடாமல் தடுப்பவராகவோ இருக்கக்கூடும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு உள்ளாகிறார் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. ஒருவரின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்வதும், காயத்துக்குச் சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறுவதும், வங்கிப் புத்தகம் எங்கே என்று தெரியாமல் இருப்பதும் கவனத்துக்குரியவை. அப்படித் தோன்றினால் குடும்பத்தாரைக் கூட்டி அங்கேயே நியாயம் கேட்காதீர்கள், நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் அவர்தான். அவரைத் தனியே சந்தித்து, எது வேண்டும் என்று கேட்டு, உங்கள் பகுதியில் முதியோர் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்பை அவருடைய சம்மதத்தோடு அணுகுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பவரையும் இதே தாளில் பார்க்க வேண்டும். எல்லாக் கோடுகளும் போய்ச் சேரும் அந்த ஒரே பெயர் பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருக்கும். வாரத்தில் ஒரு பொழுதை வேறொருவர் ஏற்றுக்கொள்ளும்படி செய்வதும், மருந்துச் சீட்டின் நகலும் மருத்துவர் எண்ணும் இரண்டாமவர் ஒருவரிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் குறைந்தபட்ச ஏற்பாடுகள்.

மருத்துவரிடம் போக வேண்டியவை

நட்பும் உறவும் தீர்க்காதவற்றை அவற்றின் தலையில் சுமத்தக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் ஆர்வமின்மை, பசியும் எடையும் குறைதல், விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்து தூக்கம் கூடாமை ஆகியவை மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். ஓரிரு நாட்களில் திடீரென்று குழப்பமாகப் பேசத் தொடங்கினால் தொற்றோ மருந்தின் விளைவோ காரணமாக இருக்கக்கூடும், அன்றே காட்ட வேண்டும். "நான் இருந்து என்ன ஆகப் போகிறது" என்ற பேச்சைப் புலம்பல் என்று ஒதுக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

துணையை இழந்த முதல் ஆறு மாதங்கள் தனிக் கவனத்துக்குரியவை. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை ஆராய்ந்து காலின் மர்ரே பார்க்ஸும் மற்றவர்களும் 1969-இல் எழுதியதில், முதல் ஆறு மாதங்களில் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி இதயநோயால் நேர்ந்தது. காரியங்கள் முடிந்து உறவினர் ஊர் திரும்பும் நாளில் தொடங்கி, யார் எந்த வாரம் வருவார், யார் எந்த நாள் அழைப்பார் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறைப்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நாட்களையும் அதிலேயே எழுதுங்கள்.

தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். மருத்துவமனை வாசம், வீடு மாறுதல், நெருங்கியவரின் இறப்பு ஆகியவற்றுக்குப் பிறகு உடனே எடுங்கள். முன்பு சொன்ன அந்தப் பெரியவரின் மகன், நடைபாதையில் இரண்டு காலைகள் நின்று விசாரித்து அந்த நண்பரைக் கண்டுபிடித்தார். முழங்காலுக்குச் சிகிச்சை எடுத்தும் பழைய தூரத்தை அவரால் நடக்க முடியவில்லை, அதனால் நண்பர் வாரத்தில் மூன்று நாள் வீட்டு வாசல்வரை வந்து, இருவரும் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். மூன்று மாதம் கழித்துத் தாளை விரித்தபோது பெரியவர் அழிப்பானைக் கேட்டு வாங்கி, கோட்டின்மேல் இருந்த சிறிய எழுத்தை அழித்துவிட்டு, உள்வட்டத்துக்குள் மகனின் பெயருக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் எழுதினார். மகன் எதிரேதான் இருந்தார்.